தாமே பழுது பார்த்தபின் நடுங்கும் எஞ்சின்: குறையைக் கண்டறியும் முறை

நேற்று வரை ஒழுங்காக ஓடிய மோட்டார் எஞ்சினில் ஓட்டுநரோ உரிமையாளரோ தம் கையால் சில உறுப்புகளை மாற்றிப் பூட்டுகிறார். மறுநாள் காலை அது நடுங்கிக்கொண்டு ஓடுகிறது, இழுவை குன்றுகிறது, புகைக்குழாயில் இடையிடையே வெடியோசை கேட்கிறது. இந்நிலையில் குறையை எங்கே தேடுவது? நேற்றுக்கும் இன்றைக்கும் இடையே எஞ்சினில் நேர்ந்த மாறுதல்கள் மனிதர் கை பட்ட இடங்களிலேயே நேர்ந்தவை. ஆகவே தேடுதலை அங்கேயே தொடங்க வேண்டும். கை படாத ஓர் உறுப்பு அதே இரவில் தானாகக் கெட்டிருத்தல் நடவாதது அன்று; ஆயினும் அதனை இறுதியிலேயே ஐயுறல் வேண்டும். இவ்விதி எல்லோரும் ஒப்புவது. அவசரம் வந்துற்ற வேளையில் இதனைக் கடைப்பிடிப்போர் மிகச் சிலரே.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்க. 1990-களின் பிற்பகுதியில், மத்தியப் பிரதேசத்தில் உள்ள ஒரு சுகாதார நிலையத்தில் பழைய அம்பாசடர் கார் ஒன்று இருந்ததாகக் கொள்க. மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் 2014 வரை செய்யப்பட்டு வந்த இவ்வண்டியின் பழைய மாதிரிகளில் 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் இருந்தது. கார்புரேட்டரும், பாயிண்டு வைத்த டிஸ்டிரிபியூட்டரும் கொண்ட அவ்வகை எஞ்சின்கள் பழைய வண்டிகளில் இன்றும் ஓடுகின்றன.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, போலியோ சொட்டு மருந்து வழங்கும் நாள். அம்மருந்து வெப்பத்தைத் தாங்காது. பனிப்பாளங்கள் அடுக்கிய பெட்டியில் வைத்து, குளிர் நீங்குமுன் சிற்றூர்களில் கொண்டு சேர்க்க வேண்டும். வண்டி வழியில் நின்றுவிடலாகாது என்னும் நல்லெண்ணத்துடன், ஓட்டுநரும் களப்பணியாளர் ஒருவரும் சனிக்கிழமை மாலை வேலையில் இறங்கினர். நான்கு பிளக்குகளையும் பாயிண்டையும் புதியனவாக மாற்றினர். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, அதனடியில் தடித்த தாளில் தாமே வெட்டிய கேஸ்கெட் ஒன்றை வைத்துப் பூட்டினர்.

விடியற்காலையில் எஞ்சின் உயிர் பெற்றது. ஆனால் வண்டி முழுவதும் ஆடிற்று. ஓட்டுநர் முதலில் கார்புரேட்டரின் திருகுகளைத் திருப்பிப் பார்த்தார். அரைமணி நேரம் கழிந்தது, பயன் இல்லை. பிறகு எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று சோதித்தார். இரண்டாவதும் மூன்றாவதும் வேலை செய்யவில்லை எனத் தெரிந்தது. அடுத்தடுத்த இரு சிலிண்டர்கள் ஒருங்கே செயலற்றதால், அவற்றிடையே ஹெட் கேஸ்கெட் கிழிந்துவிட்டது என முடிவு கட்டி, ஹெட்டைக் கழற்றுவதற்கு ஸ்பேனரை எடுத்தார். ஹெட் கழன்றிருப்பின் அன்று மருந்துப் பெட்டி நிலையத்தை விட்டுப் புறப்பட்டிராது.

ஓட்டுநரின் கருத்து அறியாமையால் எழுந்தது அன்று. ஹெட் கேஸ்கெட் இரு சிலிண்டர்களுக்கு இடையில் கிழிந்தால், அவ்விரண்டும் ஒருங்கே அமுக்கத்தை இழக்கும் என்பது உண்மையே. ஆனால் ஹெட்டை முதல்நாள் ஒருவரும் தொடவில்லை. தொட்டவற்றுள் இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களுக்குச் செல்லும் பிளக் கம்பிகளும் அடங்கும்.

இதனை விளங்கிக்கொள்ள எஞ்சினின் இயக்கத்தைச் சற்று நினைவு கூர்தல் வேண்டும். உறிஞ்சுதல், அமுக்குதல், ஆற்றல் தருதல், வெளியேற்றுதல் என்னும் நான்கு வீச்சுகளுக்குக் கிராங்க் தண்டு இருமுறை சுழல்கிறது. ஆகவே ஒவ்வொரு சிலிண்டரும் இரு சுற்றுக்கு ஒருமுறை எரிகிறது. வண்டி நிற்கையில் எஞ்சின் நிமிடத்திற்கு 800 சுற்றுகள் ஓடுவதாகக் கொண்டால், ஒரு சிலிண்டர் நிமிடத்திற்கு 400 முறையும், நான்கும் சேர்ந்து 1600 முறையும் எரியும். ஒரு சிலிண்டர் செயலற்றுப்போனால் நிமிடத்திற்கு 400 இடங்களில் தாளம் தப்பும். பட்டறையில் ‘மிஸ்ஸிங்’ என்று சொல்வது இதனையே. தப்பும் தாளம் சீராக வருமாயின் குறை குறிப்பிட்ட ஒரு சிலிண்டரைச் சார்ந்தது. ஒழுங்கின்றி வருமாயின் எல்லாவற்றிற்கும் பொதுவான காயில், கண்டென்சர், எரிபொருள் கலவை ஆகியவற்றைச் சார்ந்தது எனப் பெரும்பாலும் கொள்ளலாம். புகைக்குழாயின் வாயருகே சற்று நேரம் காது கொடுத்துக் கேட்பதே முதற் சோதனை. அதற்குக் கருவி எதுவும் வேண்டா.

இவ்வெஞ்சினில் சிலிண்டர்கள் எரியும் வரிசை 1, 3, 4, 2 என்பது. முதலாம், நான்காம் பிஸ்டன்கள் ஒருங்கே ஏறி இறங்கும். இரண்டாம், மூன்றாம் பிஸ்டன்களும் அவ்வாறே. ஆனால் இரண்டாவது சிலிண்டர் அமுக்க வீச்சின் முடிவில் இருக்கும்போது மூன்றாவது வெளியேற்று வீச்சின் முடிவில் இருக்கும். இவ்விரண்டின் பிளக் கம்பிகள் இடம் மாறிவிட்டால், அமுக்கப்பட்ட கலவை பொறியின்றி வீணாகும். பொறியோ வெளியேற்றும் வேளையில் வந்து சேரும். அப்போது புகை வால்வு இன்னும் முழுதும் மூடியிராது. உறிஞ்சு வால்வு திறக்கத் தொடங்கியிருக்கும். எரியாது எஞ்சிய கலவை அப்பொறியால் பற்றிச் சைலன்சரில் வெடிக்கும். சில வேளை கார்புரேட்டர் வழியே திரும்பியும் சீறும். எஞ்சியவை முதலாவதும் நான்காவதுமே. அவை சுற்றுக்கு ஒன்றாக மாறி மாறி எரிவதால், எஞ்சின் நிற்காமல் இரு சிலிண்டர் எஞ்சினைப் போல் ஆடிக்கொண்டு ஓடும். ஓட்டுநர் கண்டது இதுவே. நடுவில் உள்ள இரு கம்பிகளும் நீளத்தில் ஏறத்தாழ ஒத்திருப்பவை. நான்கையும் ஒருசேரக் கழற்றி மாலை வெளிச்சத்தில் திரும்பப் பூட்டுகையில் அவை இடம் மாறியதில் வியப்பில்லை.

வரிசையைச் சரிபார்க்கும் முறை வருமாறு. டிஸ்டிரிபியூட்டர் மூடியைத் திறந்து எஞ்சினைக் கையால் சுற்றி, ரோட்டர் எப்பக்கம் திரும்புகிறது என்று காண வேண்டும். இவ்வெஞ்சினில் மேலிருந்து நோக்க அது இடஞ்சுழியாகத் திரும்பும். மூடியில் முதலாம் சிலிண்டரின் கம்பியிலிருந்து அதே திசையில் 1, 3, 4, 2 என எண்ணிச் செல்ல வேண்டும். இரண்டு நிமிட வேலை இது. முதல்நாளே கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒன்றைப் பூட்டிய பின் அடுத்ததைத் தொட்டிருந்தால் இதுவும் தேவைப்பட்டிராது. நான்கு துண்டுத் துணிப்பட்டைகளில் எண் எழுதிக் கம்பிகளில் ஒட்டிவைத்தாலும் போதும்.

செயலற்ற சிலிண்டரைக் கண்டறியும் சோதனையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. எஞ்சின் ஓடும்போதே பிளக் கம்பியை வெறுங்கையால் இழுத்துவிடும் வழக்கம் எங்கும் உள்ளது. கம்பியில் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் உள்ளது. அதிர்ச்சியால் கை துள்ளி மின்விசிறியிலோ பெல்ட்டிலோ படுவதே பெருந்தீங்கு. எஞ்சினை நிறுத்தி, ஒரு கம்பியைக் கழற்றி, அதன் முனையில் பழைய பிளக் ஒன்றைச் செருகி, அந்தப் பிளக்கின் உடல் எஞ்சினின் இரும்பில் நன்கு படும்படி வைத்துப் பிறகு ஓட்டுவது தகும். பொறி பாய வழி இருப்பதால் காயிலுக்கும் கேடில்லை. எஞ்சினின் வேகம் குறைந்தால் அச்சிலிண்டர் வேலை செய்துகொண்டிருந்தது என்று பொருள். மாறாதிருந்தால் குறை அங்கே உள்ளது. அதன் பிளக்கை நன்றாக ஓடும் சிலிண்டரின் பிளக்குடன் மாற்றிப் போட்டு மீண்டும் சோதிக்க வேண்டும். குறை பிளக்கோடு இடம் பெயர்ந்தால் பிளக்கே குற்றவாளி. பெயராவிடில் கம்பி, மூடி, அமுக்கம் ஆகியவற்றை முறையே நோக்க வேண்டும். ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றிப் பயனைக் காண்பது என்னும் சோதனை நெறியை மாணவருக்கு விளக்க இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு ஆசிரியர்களுக்குக் கிடைப்பது அரிது.

இனி எடுத்துக்காட்டிற்குத் திரும்புவோம். களப்பணியாளரின் சொற்கேட்டு ஓட்டுநர் ஹெட்டை விடுத்துக் கம்பிகளை இடம் மாற்றியதும் நான்கு சிலிண்டர்களும் எரிந்தன. எனினும் நடுக்கம் முற்றும் நீங்கவில்லை. வேகம் கூட்டினால் எஞ்சின் சீராக ஓடிற்று. காலை எடுத்ததும் நடுங்கி அணையப் பார்த்தது. இவ்வடையாளம் வேறொரு குறையைச் சுட்டுகிறது. வண்டி நிற்கையில் திராட்டில் ஏறத்தாழ மூடியிருப்பதால், அதற்குக் கீழே உறிஞ்சு குழாயில் காற்றழுத்தம் வெளியழுத்தத்தைவிட மிகவும் குறைந்திருக்கும். அங்கே நூலளவு இடைவெளி இருந்தாலும் கார்புரேட்டர் அளவிடாத காற்று உள்ளே புகும். பெட்ரோல் முழுதும் எரிய, எடையில் ஒரு பங்குக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். கள்ளத்தனமாகப் புகும் காற்று கலவையை மெலியச் செய்துவிடும். வேகம் கூடும்போது எஞ்சின் இழுக்கும் காற்றின் அளவே மிகுதியாவதால், கசிவு அதில் சிறு பங்காகிக் குறை மறைகிறது.

சோக்கைச் சிறிது இழுத்துப் பார்த்தல் இதற்கு எளிய சோதனை. எஞ்சின் சூடேறிய பின்னும் சோக்கினால் ஓட்டம் சீரானால் கலவை மெலிந்துள்ளது என்று அறியலாம். பிறகு கார்புரேட்டர் அடியில் உள்ள கேஸ்கெட்டின் விளிம்பில் சிறு தூரிகையால் எஞ்சின் எண்ணெய் தடவ வேண்டும். ஒரு பக்கத்தில் தடவியதும் ஓட்டம் மாறினால் கசிவு அப்பக்கத்தில் உள்ளது. சிலர் பெட்ரோலைத் தெளித்துச் சோதிப்பதுண்டு; சூடேறிய எஞ்சின்மீது அதைச் செய்தல் தீக்கு அழைப்பு விடுப்பதாகும். எடுத்துக்காட்டில் கூறிய வண்டியில் ஒரு பக்க நட்டு முழுதும் முறுக்கப்பட்டு மறுபக்கம் தளர்ந்திருந்தது. இரண்டையும் சிறிது சிறிதாக மாற்றி மாற்றி முறுக்கியதும் தாள் கேஸ்கெட் சமமாகப் படிந்தது.

எல்லாவற்றிற்கும் பின்னரே கார்புரேட்டரின் திருகுகளைத் தொட வேண்டும். மின்பொறியின் குறையைப் பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துத் தீர்க்க முயல்வது பட்டறைகளிலும் காணப்படும் பிழை. ஒரு குறை இரண்டாவதுடன் பழைய நிலையும் மறந்துபோகிறது. திருகைத் திருப்புமுன், அது மெல்லத் தட்டும் வரை எத்தனை சுற்று உள்ளே செல்கிறது என எண்ணித் தாளில் குறித்துக்கொண்டால், எந்நேரமும் தொடங்கிய இடத்திற்குத் திரும்பலாம்.

பாயிண்டை மாற்றியோர் மறப்பது ஒன்றுண்டு. அதன் இடைவெளி மாறினால் பொறி விழும் நேரமும் மாறும். இடைவெளி கூடினால் பாயிண்டு முன்னதாகத் திறப்பதால் பொறி முந்தும், குறைந்தால் பிந்தும். பழைய அம்பாசடர் எஞ்சினின் லூகாஸ் டிஸ்டிரிபியூட்டரில் இவ்விடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம் வரை. முதலில் ஃபீலர் கேஜால் இடைவெளியை வைத்துப் பின்னரே டைமிங்கைப் பார்க்க வேண்டும். வரிசை மாறினால் இரண்டாவது வேலை வீண். புதிய பாயிண்டு சில நாளிலேயே கருகினால் கண்டென்சரை மாற்றுக. மூடியில் மயிரிழை வெடிப்பு இருப்பின், இருட்டில் எஞ்சினை ஓட்ட நீலப் பொறிகள் ஊர்வதைக் காணலாம். அப்போதும் வண்டி திறந்த வெளியில் நிற்க வேண்டும். மூடிய கொட்டகையில் ஓடும் எஞ்சினின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை; நிறமுமில்லை.

கழற்றிய பிளக்குகளின் நிறமும் செய்தி கூறும். முனை வெளிறிய பழுப்பாயிருப்பது நன்று. உலர்ந்த கரி கலவையின் மிகுதியைக் காட்டும். பெட்ரோல் நனைந்திருப்பின் பொறி விழவில்லை. எண்ணெய் படிந்திருப்பின் குறை பிஸ்டன் வளையங்களிலோ வால்வுகளிலோ உள்ளது; அது நேற்றைய வேலையால் வந்ததன்று. டாப்பெட்டைத் திருத்தியிருந்தால் மட்டும் வால்வுகளை முதலில் ஐயுறலாம். இடைவெளியின்றி முறுக்கிய வால்வு சூட்டில் முழுதும் மூடாது. அமுக்கம் போவதோடு வால்வும் விரைவில் கருகும்.

இரு சிலிண்டர்கள் எரியாமல் ஓடிய அந்த அரைமணி நேரத்தில் வீணான பெட்ரோல் முழுதும் புகைக்குழாய் வழியே சென்றுவிடவில்லை. ஒரு பகுதி சிலிண்டர்ச் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கியிருக்கும். ஆதலால் எண்ணெய் அளவுக் கோலை உருவி முகர்ந்து பார்ப்பது நலம். பெட்ரோல் மணம் வீசினால் எண்ணெயை மாற்றாமல் நெடும் பயணம் மேற்கொள்ளக் கூடாது.

பழைய வண்டிகளுக்கு இந்நாளில் வேறொரு தொல்லையும் சேர்ந்துள்ளது. இந்தியாவில் விற்கும் பெட்ரோலில் 2025-இல் எத்தனால் 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனாலில் ஆக்ஸிஜன் இருப்பதால், பழைய அளவுக்குத் திருத்திய கார்புரேட்டரில் கலவை சற்று மெலியும். அது நீரை ஈர்க்கும். பழைய ரப்பர்க் குழாய்களையும் பம்பின் டயாஃபிரத்தையும் நலிவுறச் செய்யும். கார்புரேட்டரைக் கழுவிப் பூட்டுவோர் அதே வேளையில் அக்குழாய்களையும் மாற்றிவிட்டால், சில வாரங்களில் வரக்கூடிய நடுக்கத்தை இன்றே தவிர்க்கலாம்.

பெட்ரோலைப் பீய்ச்சும் முறையுள்ள புதிய வண்டிகளில் கார்புரேட்டரும் பாயிண்டும் இல்லை. அவற்றில் காயில் இணைப்புகளைக் கழற்றிச் செய்யும் பழைய சோதனை கூடாது. டெல்லி, மும்பை, கல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களில் விற்ற புதிய பெட்ரோல் கார்களுக்கு 1995 முதலே வினையூக்கி மாற்றி கட்டாயமாயிற்று. எரியாத பெட்ரோல் அதனுள் சென்று எரிந்தால், அதன் உட்பகுதி உருகும் அளவுக்குச் சூடேறும். எனினும் தொடங்கும் இடம் மாறவில்லை. காற்று வடிகட்டியை மாற்றிய பின் எஞ்சின் நடுங்கினால், வடிகட்டிக்குப் பின்னுள்ள குழாய்ப் பட்டை இறுகியுள்ளதா, காற்றளவு உணரியின் மின் இணைப்பு மீண்டும் செருகப்பட்டதா என்பவற்றையே முதலில் காண வேண்டும். முகப்பில் எஞ்சின் விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தால் வண்டியை மேலும் ஓட்டாமல் நிறுத்திவிட வேண்டும்.