கண்ணில் தூசு விழுந்தால் எந்தச் சொட்டு மருந்து?

மிளகாய் வற்றல் மூட்டை பிரிக்கும்போது தூளும், பருப்பு புடைக்கும்போது தூசும், நெல் இறக்கும்போது உமியும் கண்ணில் படாத கடையோ மண்டியோ இல்லை. பட்டவுடன் நாம் செய்வது என்ன? கடைப் பையனை மருந்துக் கடைக்கு அனுப்பி, "கண்ணுக்கு ஒரு சொட்டு மருந்து" வாங்கி வரச் சொல்கிறோம். துவரம் பருப்பில் கேசரிப் பருப்பு கலந்திருக்கிறதா என்று கையில் அள்ளிப் பார்த்து வாங்கும் நாம், கண்ணுக்கு வாங்கும் சரக்கின் பெயரைக்கூடப் படிப்பதில்லை.

கண் மருந்து எல்லாம் ஒன்றல்ல. ஒன்று வறட்சியைப் போக்கும், ஒன்று கிருமியைக் கொல்லும், ஒன்று சிவப்பை அடக்கும். இவற்றுள் மூன்றாவது வகையைப் பற்றித்தான் வணிகப் பெருமக்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எது விழுந்தாலும் முதல் மருந்து சுத்தமான தண்ணீர். கசக்கக் கூடாது. கசக்கினால் தூசு கருவிழியைக் கீறிவிடும். மிளகாய்த் தூளோ வெறும் தூசோ விழுந்து, நன்றாகக் கழுவியபின் லேசான உறுத்தல் மட்டும் இருந்தால், செயற்கைக் கண்ணீர் என்னும் சொட்டு மருந்து போதும். அட்டையில் 'கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ்' என்று இருக்கும். விளக்கெண்ணெய், தாய்ப்பால், பன்னீர் எதுவும் வேண்டாம். நாக்கால் தூசு எடுப்பவர்களிடம் போவதும் கூடாது. வாயிலுள்ள கிருமி கீறலில் ஏறும்.

கழுவிய பிறகும் கண் கூசுகிறது, நீர் வடிகிறது, திறக்க முடியவில்லை என்றால் கருவிழியில் கீறல் விழுந்திருக்கலாம். இதற்குக் கிருமியைத் தடுக்கும் ஆன்டிபயாடிக் மருந்து தேவை. குளோராம்பெனிகால், மாக்ஸிஃபிளாக்ஸசின் போன்றவற்றை மருத்துவர் எழுதித் தருவார். இதில் நாளைக் கடத்தக் கூடாது. நேபாளத்தில் பக்தபூர் பகுதியில் நடந்த ஓர் ஆய்வு 2001இல் வெளியாயிற்று. கருவிழியில் கீறல் பட்ட 442 பேருக்குக் குளோராம்பெனிகால் களிம்பு, நாளைக்கு மூன்று முறை, மூன்று நாட்கள் போட்டார்கள். அடிபட்டு 18 மணி நேரத்துக்குள் வந்தவர்களில் ஒருவருக்குக்கூடப் புண் ஆகவில்லை. 24 மணி நேரம் தாண்டி வந்த 49 பேரில் 14 பேருக்குப் புண் வந்துவிட்டது. 'இன்று வியாபாரம் முடியட்டும், நாளை பார்க்கலாம்' என்பதற்கு என்ன விலை என்று இந்தக் கணக்கே சொல்லும்.

இனி மூன்றாவது வகை. ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து போட்டால் மறுநாளே சிவப்பு மறையும், வலி குறையும். ஆகையால் "நல்ல மருந்து" என்று பெயர் வாங்கிவிடுகிறது. உண்மையில் அது உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அந்த இடத்தில் அடக்கி வைக்கிறது, அவ்வளவுதான். உமி, வைக்கோல், தழை, தானியத் தூசு இவற்றால் வரும் கீறலில் பூஞ்சைக் கிருமி இருக்கக்கூடும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 1994இல் மூன்று மாதங்களில் வந்த 434 கருவிழிப் புண் நோயாளிகளைப் பரிசோதித்தபோது, கிருமி கண்டறியப்பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பூஞ்சைதான் காரணமாக இருந்தது. பூஞ்சை உள்ள கண்ணில் ஸ்டீராய்டு விடுவது புழு விழுந்த மூட்டையை நன்றாகக் கட்டி உள்ளே அடுக்குவது போல.

எங்கள் மண்டியில் மூட்டை தூக்கும் ஒருவருக்கு நெல் உமி பட்டது. மருந்துக் கடையில் சீட்டில்லாமல் கொடுத்த சொட்டு மருந்தை இரண்டு நாள் விட்டார். கண் வெளுத்தது, வேலைக்கு வந்துவிட்டார். பத்தாம் நாள் கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தது. பூஞ்சைக்கான நாடாமைசின் மருந்தை மணிக்கு ஒரு தரம், வாரக்கணக்கில் விட்டுக் கண்ணைக் காப்பாற்றினார்கள். பார்வை மட்டும் பழையபடி இல்லை. இப்போது அவருக்கு எடை போடும் வேலை.

ஆகவே அட்டையைப் படியுங்கள். டெக்ஸாமெதசோன், பிரெட்னிசோலோன், பீட்டாமெதசோன் இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவர் சொல்லாமல் விட வேண்டாம். ஆன்டிபயாடிக் பெயருக்குப் பின்னால் இரண்டாவது பெயராகவும் இது ஒளிந்திருக்கும். வீட்டில் பெரியவருக்குக் கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பின் மிஞ்சிய மருந்தும் பெரும்பாலும் இந்த வகைதான். அதை எடுத்துக் கடைக்குக் கொண்டுவர வேண்டாம்.

சுண்ணாம்பு தனி விஷயம். வெற்றிலைக்கு நாம் விற்கும் பாக்கெட் சுண்ணாம்பைக் குழந்தைகள் அழுத்தி விளையாட, அது வெடித்துக் கண்ணில் தெறித்துப் பார்வை போனதும் உண்டு. சுண்ணாம்பு பட்டால் சொட்டு மருந்து தேடாதீர்கள். இமையைத் திறந்து பிடித்துக்கொண்டு, குறைந்தது அரை மணி நேரம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள். இமைக்கடியில் துணுக்கு ஒட்டியிருக்கும், அதை மருத்துவர்தான் எடுக்க வேண்டும். உடனே மருத்துவமனை செல்க. இந்தச் சரக்கைக் குழந்தைகள் கைக்கு எட்டும்படி கல்லா முன் மிட்டாய் ஜாடிக்குப் பக்கத்தில் வைப்பதையும் நிறுத்தலாம்.

மருந்துப் புட்டி பற்றியும் ஒரு வார்த்தை. முனை கண்ணில் படக் கூடாது, ஒரு சொட்டே போதும். ஒருவர் விட்டதை மற்றவர் விடக் கூடாது. திறந்த தேதியைப் புட்டி மேல் எழுதிவிடுங்கள். ஒரு மாதம் கழிந்தால், உள்ளே மருந்து மீதம் இருந்தாலும், அட்டையில் காலாவதி தேதி அடுத்த வருடம் என்று இருந்தாலும், அது குப்பைக்குத்தான்.