தொண்டையில் எடுத்த மாதிரி எங்கே போகிறது?

கேள்வி: டாக்டர், என் கணவருக்கு வயது 64, சர்க்கரை உண்டு. ஜூனில் மழை தொடங்கியதும் காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாக மருத்துவமனையில் சேர்த்தோம். தொண்டையில் மாதிரி எடுத்து ‘இன்ஃப்ளூயன்சா ஏ’ என்றார்கள். முந்தைய ஆண்டே ஃப்ளூ ஊசி போட்டவர். இப்போது மறுபடியும் போடச் சொல்கிறார்கள். ஒரே காய்ச்சலுக்கு எத்தனை ஊசி? அந்த மாதிரியில் மரபணு ஆய்வும் நடக்குமாமே, அதனால் எங்களுக்கு என்ன பயன்?
– ஒரு வாசகி, தக்கலை

பதில்: பெயர்தான் ஒன்று, வைரஸ் ஆண்டுக்கு ஆண்டு வேறு. ஃப்ளூ வைரஸ் தன்னைப் பிரதியெடுக்கும்போது நிறையப் பிழை விடும், திருத்திக்கொள்ளத் தெரியாது. அந்தப் பிழை அதன் மேற்பரப்பிலுள்ள ஹீமக்ளூட்டினின் என்ற புரதத்தில் விழுந்தால், பழைய ஊசி தந்த எதிர்ப்பணுக்களுக்கு ஆளை அடையாளம் தெரியாமல் போகும். போதாக்குறைக்கு, ஊசியின் பலனும் மாதங்கள் செல்லச் செல்லக் குறையும்.

மாதிரி முதலில் பிசிஆர் சோதனைக்குப் போகும். ஏ வகையா பி வகையா, ஏ என்றால் எச்1என்1-ஆ எச்3என்2-ஆ என்பது அதில் தெரியும். சிகிச்சைக்கு அது போதும். மரபணு வரிசையைப் படிப்பது தேர்ந்தெடுத்த சில மாதிரிகளில் மட்டுமே. உங்கள் கணவருடையது அப்படிப் போனதா என்று விசாரித்து அலையாதீர்கள். போயிருந்தாலும் அவருக்குத் தந்த மருந்து பெரும்பாலும் மாறியிருக்காது. பயன் அடுத்த ஆண்டு ஊசி போடுபவர்களுக்கு.

நம் நாட்டில் இந்த வேலைக்குத் தலைமை புனேயின் தேசிய வைராலஜி நிறுவனம். உலக சுகாதார நிறுவனம் 1952 முதல் நடத்தும் கண்காணிப்பு வலையில் அதுவும் ஒரு கண்ணி. பல நாட்டு வரிசைகளையும் ஒப்பிட்டு, கீரியைப் போன்ற ஃபெரெட் என்ற விலங்கின் ரத்தநீரில் புது வைரஸ் பழைய எதிர்ப்பணுவுக்கு அடங்குகிறதா என்றும் பார்த்து, பிப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கும் செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்கும் ஊசியின் சேர்மானத்தை முடிவு செய்கிறார்கள். ஊசியில் இருந்த ‘ஏ/விக்டோரியா/4897/2022’ என்ற பெயருக்கு, ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 2022-இல் எடுத்த மாதிரி என்று பொருள்.

மாதிரி குறைந்தால் என்ன ஆகும் என்பதை 2015-இல் பார்த்தோம். அந்த ஆண்டு இந்தியாவில் எச்1என்1 பாதிப்பு 42,000-ஐத் தாண்டியது. ஏறத்தாழ 3,000 பேர் இறந்தார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ராம் சசிசேகரன் குழு, இந்திய வைரஸில் கவலைக்குரிய மாற்றங்கள் இருப்பதாக எழுதியது. இந்திய அரசுத் தரப்பு மறுத்தது. யார் சொன்னது சரி என்பதைவிட எனக்கு உறுத்துவது வேறு: முந்தைய இரண்டு ஆண்டுகளில் பொதுத் தரவுத்தளங்களில் இந்தியாவிலிருந்து இருந்தவை இரண்டே வைரஸ்களின் வரிசைகள் என்று அந்தக் குழுவே சொன்னது. இவ்வளவு பெரிய நாட்டுக்கு இரண்டு! அதை வைத்து எவரும் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

இனி ஊசிக்கு வருவோம். இந்தியாவின் பல நகரங்களில் ஃப்ளூ தென்மேற்குப் பருவமழையோடு ஏறுகிறது; சென்னையில் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி. நம் குமரி மாவட்டத்துக்கோ இடவப்பாதி என்கிற தென்மேற்கு மழையும் உண்டு, ஐப்பசியில் வரும் வடகிழக்கு மழையும் உண்டு. அதனால் சென்னை உறவினர் சொல்லும் கணக்கு நமக்குப் பொருந்தாது. ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும் என்பதால் ஏப்ரல், மே மாதங்களில், அப்போது கிடைக்கும் புதிய சேர்மானத்தைப் போடுவது நல்லது. தவறவிட்டால் அடுத்த ஏப்ரல்வரை காத்திருக்காமல் ஐப்பசிக்கு முன் போடலாம். உங்கள் கணவருக்கு வயதும் கூடுதல், சர்க்கரையும் உண்டு. ஆண்டுதோறும் போடத்தான் வேண்டும். ஊசி போட்டும் காய்ச்சல் வரலாம். ஆனால் ஐசியூவரை போகும் வாய்ப்பு குறையும்.

லேசான காய்ச்சலுக்கு அரசு விதிப்படி பரிசோதனை தேவையில்லை. மூச்சு வாங்கினால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்; ஓசெல்டாமிவிர் மருந்து முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாகக் கேட்கும். அங்கே தொண்டையில் மாதிரி எடுக்க வந்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.