சத்து மாத்திரை: எதற்கு, எவ்வளவு, எத்தனை நாள்?

நம்ம கூட்டங்களில் மண்புழு உரம், மீன் அமிலம் எல்லாம் பேசி முடித்து, டீ குடிக்கும் நேரத்தில்தான் உடம்பைப் பற்றிய பேச்சு வரும். அதில் இரண்டு கட்சி உண்டு. "ரசாயனம் போடாத சாப்பாடு சாப்பிடுறோம், நமக்கு எதுக்குங்க மாத்திரை?" என்பது ஒரு கட்சி. இன்னொரு கட்சிக்காரர் வீட்டு அலமாரியைத் திறந்தால் மல்டி வைட்டமின், கால்சியம், ஸ்பைருலினா, புரதப் பொடி, மஞ்சள் காப்ஸ்யூல் என்று மருந்துக்கடை மாதிரியே இருக்கும். இரண்டுமே கணக்குப் பார்க்காமல் எடுத்த முடிவு என்பது என் கருத்து.

நான் வங்கியில் இருந்தவன். கடன் கேட்டு மனு வந்தால் மூன்று கேள்விதான் முதலில் கேட்போம். எதற்கு? எவ்வளவு? எத்தனை நாளில் முடியும்? சத்து மாத்திரை டப்பாவையும் இதே மூன்று கேள்வியோடுதான் பார்க்க வேண்டும். முதல் கேள்விக்கே பதில் இல்லாத டப்பாவை வீட்டுக்குள் விட வேண்டியதில்லை.

சாப்பாட்டில் எது குறைந்தால் என்ன நோய் வரும் என்று இந்தியாவில் முறையாகத் தேடும் வேலை நம்ம குன்னூரில்தான் நடந்தது என்பது, இங்கேயே பிறந்து வளர்ந்த பலருக்கும் தெரியாது. சிம்ஸ் பூங்கா எதிரில் இருக்கிற பாஸ்டியர் நிறுவனத்தை வெறிநாய்க்கடி ஊசியோடு சேர்த்துத்தான் நாம் நினைப்போம். 1918-இல் அங்கே ஒரே ஒரு அறையில், பெரிபெரி நோயை ஆராய ராபர்ட் மெக்கரிசன் என்ற ராணுவ மருத்துவர் உட்கார்ந்தார். அந்த அறைதான் வளர்ந்து ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம் ஆனது. 1958-இல் ஹைதராபாத்துக்குப் போனது. 1969-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் மாறியது. இன்று ஒரு மாத்திரை டப்பாவில் 'தினசரித் தேவையில் இத்தனை சதவீதம்' என்று அச்சிட்டிருக்கிறார்களே, அந்தத் தேவையை நம் நாட்டுக்குக் கணக்குப் போட்டுச் சொல்வது அந்த நிறுவனம்தான்.

மெக்கரிசன் எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதிச் சாப்பாட்டைப் போட்டுப் பார்த்தார். முழுக் கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி, எப்போதாவது கொஞ்சம் இறைச்சி என்று பஞ்சாப் பக்கத்துச் சாப்பாடு சாப்பிட்ட எலிகள் முதல் இடத்தில் நின்றன. தீட்டிய அரிசியை நம்பியிருந்த மதராஸ் சாப்பாட்டு எலிகள் கடைசியில் நின்றன. நமக்குக் கொஞ்சம் உறைக்கிற முடிவுதான். அரிசியே கெட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. தவிட்டைத் தீட்டி எறிந்ததும், பக்கத்தில் பால், கீரை, பருப்பு குறைந்ததும்தான் காரணம். அவருக்குப் பின் குன்னூர்க் கூடத்தின் தலைவராக வந்த ஆக்ராய்டு அரிசியைத் தொடர்ந்து ஆராய்ந்தார். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதனால் தீட்டினாலும் முழுசாகப் போவதில்லை. புழுங்கல் அரிசி சாப்பிட்ட இடங்களில் பெரிபெரி அதிகம் எட்டிப் பார்க்காததற்கு இதுதான் காரணம். மாத்திரை இல்லாமலே ஒரு நோயைத் தள்ளி வைத்திருந்தது நம் பாட்டிகள் நெல் அவித்த பானை.

நமக்கு இனிக்கிற செய்தியும் உண்டு. கோயம்புத்தூரில் தொழுவுரம் போட்ட நிலத்திலும் ரசாயன உரம் போட்ட நிலத்திலும் விளைந்த தானியங்களை மெக்கரிசன் ஒப்பிட்டு, தொழுவுரத் தானியத்தில் சத்து கூடுதல் என்று 1926-இல் எழுதினார். உலக இயற்கை விவசாய இயக்கத்துக்கு அவர் ஒரு முன்னோடியாக நினைக்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் இதே முடிவைச் சொல்லவில்லை. சிலதில் வித்தியாசம் தெரிந்தது, சிலதில் தெரியவில்லை. நஞ்சு இல்லாத உணவு என்ற ஒரு காரணமே நமக்குப் போதும். ஆனால் நல்ல மண்ணில் விளைந்தால் எல்லாச் சத்தும் தானாக வந்துவிடும் என்று நாம் பேசத் தொடங்கும் இடத்தில்தான் சிக்கல். மண்ணிலேயே இல்லாததையும், செடியால் செய்யவே முடியாததையும் எந்த உரம் போட்டாலும் தட்டுக்குக் கொண்டுவர முடியாது.

பி12-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இதை எந்தச் செடியும் செய்வதில்லை, எந்த விலங்கும் செய்வதில்லை. நுண்ணுயிர்கள் மட்டும்தான் செய்கின்றன. மாடு மேயும் புல்லில் மண்ணிலிருந்து வந்த கோபால்ட் துளியளவு இருக்கும். மாட்டின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதை வைத்து பி12 தயாரிக்கின்றன. அதுதான் பாலுக்கும் இறைச்சிக்கும் வருகிறது. நமக்கு ஒரு நாளைக்கு வேண்டியது இரண்டு, இரண்டரை மைக்ரோகிராம்தான். ஒரு தம்ளர் பாலில் ஏறத்தாழ ஒரு மைக்ரோகிராம் கிடைக்கும், ஒரு முட்டையில் அதில் பாதி. பாலும் முட்டையும் மீனும் சேர்ப்பவர்களுக்கு உணவே போதும். டீயில் விடுகிற நாலு சொட்டுப் பாலைப் பால் கணக்கில் எழுதிக்கொள்ளும் சைவக்காரர்களுக்குத்தான் பற்றாக்குறை வருகிறது.

இதில் ஏமாற்றுகிற விஷயம் ஒன்று இருக்கிறது. ஈரல் பி12-ஐ வைப்புத்தொகை மாதிரிச் சேர்த்து வைத்திருக்கும். வரவு நின்றுபோனாலும் சில வருஷம் அந்த இருப்பில் ஓடும். அதனால் "நான் பாலை விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு, ஒண்ணும் ஆகலையே" என்று சொல்பவரின் கணக்கில் இருப்பு குறைந்துகொண்டே வருகிறது என்பதுதான் உண்மை. பாதத்தில் மதமதப்பு, எரிச்சல், நாக்கு வழவழப்பாகி எரிவது, மறதி, நடையில் தள்ளாட்டம் என்று பிறகு தெரியவரும். வயதானதாலோ சர்க்கரை நோயாலோ என்று விட்டுவிடுகிறோம். சர்க்கரைக்கு மெட்பார்மின் வருஷக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கும், நெஞ்செரிச்சலுக்கு ஒமிப்ரசோல், பேண்டோப்ரசோல் தினமும் போடுபவர்களுக்கும், அறுபது தாண்டிய நம்மைப் போன்றவர்களுக்கும் உணவில் பி12 இருந்தாலும் உடம்பு அதைப் பிடித்துக்கொள்வது குறையும். இவர்கள் ஒருமுறை ரத்தத்தில் அளவு பார்த்துவிடுவது நல்லது.

ஸ்பைருலினாவில் பி12 இருக்கிறது என்று டப்பாவில் போட்டிருப்பார்கள். அதில் பெரும்பகுதி நம் உடம்புக்குப் பயன்படாத போலி வடிவம். பழைய சோறு, இட்லி மாவு பற்றியும் இப்படிச் சொல்கிறார்கள். குடலுக்கு நல்ல உணவுதான், ஆனால் பி12-க்கு அதை நம்பி இருக்க முடியாது. வெறும் சயனோகோபாலமின் அல்லது மெத்தில்கோபாலமின் மாத்திரை போதும். 500, 1500 மைக்ரோகிராம் என்று பெரிய அளவாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். வாய்வழியாகப் போவதில் மிகச் சிறிய பங்குதான் உள்ளே ஏறுகிறது, மிச்சம் வெளியேறிவிடும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மெத்தில்கோபாலமின் என்று பெரிய எழுத்தில் இருக்கும் சில அட்டைகளில் பிரகாபாலின் என்று இன்னொரு பெயரும் சேர்ந்திருக்கும். அது நரம்பு வலிக்கு மருத்துவர் எழுதித் தரும் மருந்து. தூக்கமும் தலைச்சுற்றலும் வரும். பக்கத்து வீட்டுக்காரர் அட்டையைக் காட்டிக் கடையில் கேட்டு வாங்குகிற சாமான் அல்ல அது.

குன்னூரில் நடந்த இன்னொரு வேலை இங்கே தொடர்புடையது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928-இல் இந்தியா வந்தார். பம்பாயில் ஏழை கர்ப்பிணிகளுக்கு வந்த கடுமையான ரத்தசோகையை ஆராய்ந்தவர், சில காலம் நம்ம குன்னூர் பாஸ்டியர் நிறுவனத்திலும் ஆய்வு நடத்தினார். பீர் காய்ச்சும் ஈஸ்டிலிருந்து செய்த மலிவான மார்மைட் என்ற சாறு அந்தச் சோகையைத் தீர்த்ததை 1931-இல் வெளியிட்டார். அதில் இருந்தது என்னவென்று அப்போது யாருக்கும் தெரியவில்லை. 'வில்ஸ் காரணி' என்றே அழைத்தார்கள். பத்து வருஷம் கழித்துக் கீரையிலிருந்து பிரித்தெடுத்தபோது, இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லை வைத்து ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு 60 மில்லிகிராம் இரும்போடு 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் சேர்த்துப் பிரசவத்துக்கு முன் 180 நாள், பின் 180 நாள் என்று இலவசமாகத் தருகிற மாத்திரைக்கு அதுதான் ஆரம்பம். எதற்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்ற மூன்றுக்கும் பதில் இருக்கும் மாத்திரை இது. "நம்ம கீரையே போதும்" என்று வீட்டில் யாரும் இதைத் தடுக்க வேண்டாம். சிசுவின் முதுகுத்தண்டு மூடுவது கருத்தரித்த முதல் நாலு வாரத்தில். பல பெண்களுக்குக் கர்ப்பம் என்றே தெரியாத காலம் அது. அதனால் குழந்தைக்குத் திட்டமிடும்போதே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் தொடங்கச் சொல்கிறார்கள்.

மற்றவர்கள் ஃபோலிக் அமிலத்தை மட்டும் தனியாக வாங்கிப் போடுவதில் ஆபத்து உண்டு. பி12 குறைவால் வந்த சோகையை அது சரிசெய்தது போலக் காட்டும், நரம்பு கெடுவது உள்ளே தொடரும்.

இரும்பைப் பற்றிப் பேசினால் டீயை விட்டுவிட முடியாது, நாம் தேயிலை நாட்டுக்காரர்கள். சாப்பாட்டோடு குடிக்கும் டீ, கீரையிலும் கேழ்வரகிலும் இருக்கும் இரும்பைக் குடல் எடுப்பதைப் பாதிக்கு மேல் குறைத்துவிடும். டீயைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். தட்டில் நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேருங்கள். புளிக்குழம்பை இரும்புச் சட்டியில் வையுங்கள். இரும்பு மாத்திரைக்கும் இதே விதிதான். டீ, பால், கால்சியம் மாத்திரை எதோடும் சேர்க்காதீர்கள். வெறுங்காலோடு ஈர மண்ணில் வேலை செய்பவர்களுக்குக் கொக்கிப்புழு ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். பூச்சி மாத்திரையும் செருப்பும் முதலில்.

சோகை என்றாலே இரும்பு என்று முடிவு கட்டுவதும் நம்ம மாவட்டத்தில் சரிப்படாது. இந்தியாவில் அரிவாள் செல் ரத்தக்குறைபாடு முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது 1952-இல், நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். பரம்பரையாக வரும் அந்தச் சோகைக்கு இரும்பு மருந்தல்ல, தேவையில்லாமல் சேரும் இரும்பு உடம்பைக் கெடுக்கும். கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கம் தோட்டத்தில் வேலைக்கு வரும் பழங்குடிக் குடும்பங்களுக்கு நல்லெண்ணத்தில் டானிக் வாங்கிக் கொடுப்பவர்கள், அதற்கு முன் ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.

அயோடின் கதை மண்ணின் கதை. மலைச்சரிவு மண்ணில் இருக்கும் அயோடினை மழை ஆயிரக்கணக்கான வருஷமாகக் கழுவிக் கடலுக்குக் கொண்டுபோயிருக்கிறது. மண்ணில் இல்லாதது செடியில் இல்லை, அந்தச் செடியைத் தின்ற மாட்டின் சாணத்திலும் இல்லை, அந்தச் சாணத்தில் செய்த கம்போஸ்ட்டிலும் இல்லை. இல்லாததையே நாம் சுழற்சி செய்துகொண்டிருப்போம். மெக்கரிசன் குன்னூருக்கு வருவதற்கு முன் இமயமலைப் பக்கம் கில்கித்தில் முன்கழுத்துக் கழலையைத்தான் வருஷக்கணக்கில் ஆராய்ந்தார். இதற்கு மாத்திரை தேவையில்லை, அயோடின் உப்பு போதும். ஆனால் நம் இயற்கை அங்காடிகளிலேயே இந்துப்பையும் கல்லுப்பையும் 'ரசாயனம் கலக்காதது' என்று விற்கிறோம். அயோடின் சேர்த்தது என்று பாக்கெட்டில் போடாத உப்பை, குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இருக்கும் வீட்டில் அன்றாடச் சமையலுக்கு வைக்காதீர்கள். இதை எழுதினால் நம் ஆட்களே என்னோடு சண்டைக்கு வருவார்கள், தெரியும். வரட்டும். முட்டைக்கோஸும் முள்ளங்கியும் நிறையச் சாப்பிடுகிற ஊர் நமது. அயோடின் குறைவாக இருக்கும்போது அவை தைராய்டுக்கு இன்னும் கொஞ்சம் இடைஞ்சல் தரும்.

வைட்டமின் டி வெயிலில் தோல் செய்துகொள்வது. ஜூனில் தொடங்கும் மழை, பனிமூட்டம், ஸ்வெட்டர், மப்ளர், குல்லா எல்லாம் சேர்ந்தால் ஊட்டிக்காரருக்கு எங்கிருந்து வரும்? கண்ணாடி ஜன்னலுக்குள் காயும் வெயில் கணக்கில் சேராது. வானம் திறந்த நாளில் பத்து மணிக்கு மேல் கை, கால் தெரிய அரைமணி நேரம் நில்லுங்கள். காளான் வளர்ப்பவர்களுக்கு ஒரு வசதி: காளானை மடல் மேலாக வைத்து வெயில் காட்டினால் அதில் வைட்டமின் டி உண்டாகும். மாத்திரை என்றால் தினம் 600 யூனிட் சாதாரணத் தேவை. கடையில் சாதாரணமாகக் கிடைப்பதோ 60,000 யூனிட். அது குறைபாடு உறுதியானவர்களுக்கு, வாரம் ஒன்று, மருத்துவர் சொன்ன வாரம் வரை. தினம் ஒன்று என்று தப்பாகப் புரிந்துகொண்டு போட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, சிறுநீரகக் கோளாறு வரை போகும்.

மற்றதெல்லாம் சீக்கிரம் முடித்துவிடலாம். கால்சியத்துக்கு 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. கேழ்வரகும் சாமையும் நம் மலையில் உருளைக்கிழங்குக்கும் தேயிலைக்கும் முன்பே விளைந்தவை. ஒரு பாத்தி திரும்பப் போடலாம். புரதப் பொடி காசுக்கு அவரை, கொள்ளு, நிலக்கடலை எத்தனை கிலோ வரும் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். மஞ்சள் காப்ஸ்யூல், குறிப்பாக மிளகுச் சத்து சேர்த்து அதிகம் உறிஞ்சப்படும்படி செய்தது, சிலருக்கு ஈரலைக் கெடுத்திருக்கிறது. குழம்பில் போடும் மஞ்சள் வேறு, அது வேறு. 'இயற்கை' என்ற சொல் டப்பாவில் இருப்பதால் அளவு இல்லாமல் போய்விடாது.

வாங்கும்போது 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், காலாவதி தேதி, ஒவ்வொரு சத்தும் எத்தனை மில்லிகிராம் என்ற விவரம் மூன்றும் இருக்கிறதா பாருங்கள். 'தனிப்பட்ட மூலிகைக் கலவை' என்று மொத்தமாக ஒரு எடையைப் போட்டிருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். வேறு நோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர்கள், அடுத்தமுறை மருத்துவரிடம் போகும்போது அலமாரியில் இருக்கும் டப்பாக்களை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் மேசையில் கொட்டுங்கள். எதை நிறுத்த வேண்டும் என்று ஐந்தே நிமிஷத்தில் சொல்லிவிடுவார்.