பூமி சூடேறினால் யாருக்கு நஷ்டம்?



பூமி வரவரச் சூடேறி வருகிறது என்று பத்திரிகைகளில் அடிக்கடி படிக்கிறீர்கள். "வெயில் கொஞ்சம் கூடினால் என்ன குடி முழுகிவிடும்? விசிறியை இன்னும் வேகமாகச் சுழலவிட்டால் போகிறது" என்று சொல்வாரும் உண்டு. விசிறி இல்லாத ஜீவராசிகள் கோடிக்கணக்கில் உள்ளன என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். அப்படிப்பட்ட ஒரு சிறு பிராணிக்கு நேர்ந்த கதியை இவ்வாரப் பாடமாக எடுத்துக்கொள்வோம். அதற்கு முன்னால், இந்தச் சூடு எப்படி உண்டாகிறது என்று தெரிந்துகொள்வது அவசியம்.

கண்ணாடி வீடு

குளிர் தேசங்களில் செடிகொடிகளை வளர்க்கக் கண்ணாடியால் வீடு கட்டுவார்கள். சூரிய ஒளி தடையின்றி உள்ளே வரும். உள்ளே உண்டான உஷ்ணமோ எளிதில் வெளியேறாது. பூமியைச் சுற்றியுள்ள காற்றும் ஏறக்குறைய இப்படித்தான். வெயில் பட்டுச் சூடான தரையும் கடலும் அந்த உஷ்ணத்தை மேல்நோக்கி விடுகின்றன. காற்றிலுள்ள நீராவி, கரியமில வாயு, மீதேன் முதலிய வாயுக்கள் அதில் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொண்டு, கீழேயும் திருப்பி அனுப்புகின்றன.

இது தீமையா? இல்லை. இந்த வாயுக்கள் அறவே இல்லாவிட்டால் பூமியின் சராசரி உஷ்ணநிலை பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். கடலும் ஆறும் உறைந்து கிடக்கும். ஆகவே இது நமக்குக் கிடைத்துள்ள போர்வை என்றே சொல்லலாம். ஆனால் ஒரு போர்வை சுகம். அதன்மேல் இன்னும் இரண்டைப் போர்த்தினால் மூச்சு முட்டும் அல்லவா?

நடந்திருப்பது அதுதான். இயந்திரத் தொழில்கள் பெருகுமுன் காற்றின் பத்து லட்சம் பங்கில் ஏறக்குறைய 280 பங்கு கரியமில வாயு இருந்தது. 1958-ம் ஆண்டு ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் ஒழுங்காக அளக்கத் தொடங்கியபோது அது சுமார் 315 ஆகியிருந்தது. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. நிலக்கரியும் பெட்ரோலியமும் எரிப்பது, காடுகளை அழிப்பது ஆகியவையே இதற்கு முக்கிய காரணங்கள்.

கடல் ஏன் உயருகிறது?

இதற்கு இரண்டு காரணங்கள். சூடேறிய நீர் விரிந்து அதிக இடம் பிடிக்கிறது. நிலத்தின்மேல் கிடக்கும் பனிக்கட்டி உருகிக் கடலில் சேருகிறது. 1901-க்கும் 2018-க்கும் இடையில் உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர், அதாவது ஏறத்தாழ ஒரு சாண், உயர்ந்திருக்கிறது. "ஒரு சாண்தானே!" என்று அலட்சியம் செய்ய வேண்டாம். அந்தச் சாண் யாருடைய வாசற்படியில் ஏறுகிறது என்பதைப் பொறுத்தது விஷயம்.

பிராம்பிள் திட்டு

ஆஸ்திரேலியாவுக்கும் பாப்புவா நியூகினிக்கும் நடுவே டாரஸ் ஜலசந்தி இருக்கிறது. அதன் வடகோடியில் பிராம்பிள் திட்டு என்ற சின்னஞ்சிறு மணல் தீவு உண்டு. அலைக்கு மேலே தெரிவது சில ஏக்கர் மட்டுமே. உயரம் சுமார் 10 அடி. கடற்பறவைகள் அங்கே கூட்டமாகக் குஞ்சு பொரிக்கும். பேராமைகள் கரையேறி முட்டையிடும். இவற்றோடு, செம்பழுப்பு நிறமும் அரையடி நீள உடலும் கொண்ட ஒருவகை எலியும் அத்தீவில் குடியிருந்தது. மெலோமிஸ் என்பது அதன் பெயர். 1845-ம் ஆண்டில் கப்பல் மாலுமிகள் அதைக் கண்டார்கள். உலகில் வேறெங்கும் அது வாழ்ந்ததாகப் பதிவில்லை. தீவின் செடிகளே அதற்கு உணவு. அவற்றின் அடியே அதற்குப் புகலிடம்.

1970-களில் இவ்வெலிகள் சில நூறு இருந்ததாகக் கணக்கிட்டார்கள். 1998-ல் ஆராய்ந்தபோது தொண்ணூற்றுச் சொச்சமே இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். 2002-லும் 2004-லும் பொறியில் அகப்பட்டவை முறையே 10, 12 மட்டுமே. 2009-ம் ஆண்டுக் கடைசியில் ஒரு மீனவர் கண்ணில் பட்டது. அதற்குப் பிறகு எவர் கண்ணிலும் படவில்லை.

2014-ம் ஆண்டு ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் விஞ்ஞானிகள் தீவில் இரவுதோறும் பொறிகளை வைத்தார்கள், தானே படம் பிடிக்கும் காமிராக்களைப் பொருத்தினார்கள், பகலிலும் தேடினார்கள். ஒரு எலிகூட அகப்படவில்லை. 2016-ல் அவர்கள் தந்த அறிக்கை, அவ்வினம் அத்தீவில் அற்றுப்போயிற்று என்றது. 2019-ம் ஆண்டு பிப்ரவரியில் ஆஸ்திரேலிய அரசாங்கமும் அதனை அழிந்த இனங்களின் பட்டியலில் சேர்த்தது. மனிதரால் உண்டான சீதோஷ்ண மாறுதலால் அழிந்ததாக அறியப்பட்ட முதல் பாலூட்டி இதுவே என்பது அந்த ஆராய்ச்சியாளர்களின் முடிவு.

ஓர் ஆட்சேபம்

"மணல் திட்டை அலை அரிப்பது புதிதா? அதற்கும் புகைபோக்கிக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மணல் திட்டுகள் எக்காலத்திலும் வளர்ந்தும் தேய்ந்தும் வந்தவையே. புயலும் பழையதே. ஆனால் கடலின் மட்டமே உயர்ந்துவிட்டபின், முன்னே கரையோடு நின்ற புயல் அலை இப்போது திட்டின்மேல் ஏறிப் பாய்கிறது. உப்புநீர் பாய்ந்த இடத்தில் செடி பட்டுப்போகும். 2004-ல் அத்தீவில் 5 ஏக்கருக்கு மேல் பச்சை இருந்தது. 2014 மார்ச் மாதத்தில் எஞ்சியது ஏறக்குறைய 16 சென்ட் மட்டுமே! நம்மூரில் நடுத்தரமான இரண்டு மூன்று வீட்டுமனைகளின் அளவு அது. அதில் ஒரு பிராணிக்குலம் முழுவதும் உண்டு உறங்கிப் பிழைப்பது எப்படி?

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பறவை பறந்துபோகும், ஆமை நீந்திப்போகும். எலிக்கோ போக வழியில்லை. உஷ்ணம் அதை நேராகச் சுட்டுக் கொல்லவில்லை. அதன் வீட்டை எடுத்துக்கொண்டது. வீடு போனபின் உயிர் நிற்கவில்லை.

நகர முடியாத மற்றவை

தப்பியதாகத் தோன்றும் உயிர்களும் முழுதும் தப்பவில்லை. பேராமை முட்டையிலிருந்து ஆண் வருமா, பெண் வருமா என்பதை மணலின் சூடே தீர்மானிக்கிறது. சூடு மிகுந்தால் பெண்ணே மிகும். ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டின் வடபகுதியில் பிறந்த இளம் ஆமைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் பெண்களே என்று 2018-ல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. இணையில்லாமல் சந்ததி ஏது?

அப்பவளத்திட்டும் துன்புறுகிறது. பவளப் பூச்சியின் உடலில் நுண்பாசிகள் குடியிருந்து அதற்கு ஆகாரம் தருகின்றன. வழக்கமான கோடைச் சூட்டைவிட ஒரு டிகிரி கூடிச் சில வாரம் நீடித்தாலே பவளம் அப்பாசிகளை இழந்து வெளுத்துப்போகிறது. சூடு தணியாவிட்டால் மடிகிறது. அங்கே 1998, 2002, 2016, 2017, 2020, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் பெரும் வெளுப்பு நிகழ்ந்தது. நமது மன்னார் வளைகுடாவிலும் 1998, 2010, 2016 ஆண்டுகளில் பவளம் வெளுத்தது. பவளத்தை அண்டி வாழும் மீன்களுக்கு அதுவே வீடு. அம்மீனை நம்பி வலைவீசுவோருக்கு அதுவே பிழைப்பு.

மலையுச்சியும் ஒருவகைத் தீவே. குளிர்ந்த மேட்டில் மட்டும் பிழைக்கும் செடியும் பிராணியும், அடிவாரம் சூடேற ஏற மேலே மேலே நகரவேண்டும். உச்சிக்குமேல் போக இடம் ஏது?

நாம் கற்கவேண்டியது

அந்த எலி ஒரே இரவில் அழியவில்லை. சில நூறு, தொண்ணூறு, பத்து என்று அது குறைந்துவந்ததை மனிதர் எண்ணிக்கொண்டே இருந்தார்கள். 2008-ம் ஆண்டில் அதைக் காக்கத் திட்டம்கூட எழுதிவைத்தார்கள். காகிதத்தில் எழுதியது காரியத்தில் போதிய அளவு நடவாமற்போயிற்று. எண்ணுவது ஒன்று, காப்பது ஒன்று.

ஆகவே, வீணாக எரியும் விளக்கை அணைப்பதும், வீணாக ஓடும் வண்டியை நிறுத்துவதும் அற்ப காரியமன்று. அவை மட்டும் போதுமென்றும் எண்ணவேண்டாம். நிலக்கரியைக் குறைத்து வெயிலாலும் காற்றாலும் மின்சாரம் எடுக்கும் ஏற்பாடுகளை நாடுகள் துரிதப்படுத்த வேண்டும். நம் ஊர் ஏரிக்கரை, அலையாத்திக் காடு, புல்மேடு இவற்றில் குடியிருக்கும் உயிர்களை, அவை நூறாக இருக்கும்போதே கவனிக்க வேண்டும். பத்தாகும் வரை காத்திருக்கலாகாது.

சிந்தனைக்குச் சில கேள்விகள்

1. பூமிக்குப் போர்வை தேவை என்றால், இன்று ஆபத்து எதில் உள்ளது?

2. பறவைக்கும் ஆமைக்கும் இருந்த எந்த வசதி அந்த எலிக்கு இல்லை?

3. நீங்கள் சிறுவயதில் கண்டு, இப்போது காணாத பறவை, மீன், செடி எவை? அவை வாழ்ந்த இடம் இன்று என்னவாயிற்று?

மூன்றாம் கேள்விக்கு வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேட்டு, பிள்ளைகளோடு உட்கார்ந்து பதில் எழுதிப் பாருங்கள்.