நல்லதண்ணீர்க் குழாயில் காரீயம்: வீட்டில் நாமே பார்க்க வேண்டியவை

ராஜபாளையத்துக்கு அய்யனார் கோயில் ஆற்றுத் தண்ணீர் ஆறாம் மைல் நீர்த்தேக்கம் வழியாக வருகிறது. ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் செண்பகத்தோப்புப் பக்கத்து மலைத் தண்ணீர். பருப்பு சீக்கிரம் வேகும், சோப்பு நன்றாக நுரைக்கும் என்று நாம் விரும்பிப் பிடித்துவைக்கும் தண்ணீர் இது. உப்புக் குறைந்த இந்த மென்னீருக்கு இன்னொரு குணமும் உண்டு. குழாயில் காரீயம் இருந்தால், போர் தண்ணீரைவிட இது எளிதாக அதைக் கரைத்து எடுக்கும். கடின நீர் குழாயின் உட்புறத்தில் சுண்ணாம்புப் படிவை உண்டாக்கி உலோகத்தை ஓரளவு மூடிவிடுகிறது. மென்னீரில் அந்த மறைப்பு மிகக் குறைவு. நகராட்சி எவ்வளவு சுத்தமாகக் கொடுத்தாலும், நம் வாசலைத் தாண்டியபின் தண்ணீர் எதன் வழியே ஓடுகிறது என்பதை நாம்தான் பார்த்தாக வேண்டும்.

காரீயம் கலந்த தண்ணீரில் நிறமும் தெரியாது, வாடையும் இருக்காது. இந்தியக் குடிநீர்த் தரநிலை ஐ.எஸ். 10500 அனுமதிக்கும் அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் மட்டுமே. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்துக்குச் சில பொருள்களில் தளர்வு தரும் அந்தத் தரநிலை, காரீயத்துக்குத் தளர்வே தரவில்லை. காரணம் குழந்தைகள். அவர்கள் உடல் பெரியவர்களைவிட அதிகமாகக் காரீயத்தை உறிஞ்சிக்கொள்ளும். மூளை வளர்ச்சியில் அது செய்யும் கேட்டைத் திருப்ப முடியாது. ரத்தத்தில் காரீயம் மிகுந்த குழந்தைகள் இந்தியாவில் மட்டும் சுமார் 27 கோடிப் பேர் என்று 2020-இல் யுனிசெஃப் மதிப்பிட்டது. அதற்குப் பழைய பேட்டரி உருக்குவது, பெயிண்ட், கலப்பட மஞ்சள் தூள் எனப் பல வழிகள் உண்டு. குழாய் அவற்றில் ஒன்று, நாம் வீட்டிலேயே அடைக்கக்கூடிய ஒன்று.

முதலில் குழாயைப் பாருங்கள்

மீட்டர் அல்லது வாசல் இணைப்பில் தொடங்கி, தொட்டி, மோட்டார், மேல்நிலைத் தொட்டி, சமையலறைக் குழாய் வரை நடந்து பாருங்கள். ஒரு காந்தமும் பழைய கத்தியும் போதும். காந்தம் ஒட்டினால் அது ஜி.ஐ. இரும்புக் குழாய். ஒட்டாமல், மங்கிய சாம்பல் நிறத்தில், கீறினால் வெள்ளிபோல் மின்னி, நகத்துக்கே இணங்கும் மென்மையோடு இருந்தால் காரீயக் குழாய். நம் பகுதி வீடுகளில் அது மிக அரிது. ஆனாலும் மிகப் பழைய வீடென்றால் பார்த்துவிடுங்கள். ஜி.ஐ. குழாயிலும் இரண்டு இடங்களைக் கவனிக்க வேண்டும். துத்தநாகப் பூச்சில் சிறிதளவு காரீயம் கலந்திருக்கும். பழைய பிளம்பர்கள் மரையில் சணல் சுற்றி ஒயிட் லெட் என்ற காரீயப் பசையும் தடவியிருப்பார்கள்.

இன்று பெரும்பாலான வீடுகளில் இருப்பது பி.வி.சி. குழாய். வெப்பத்தில் பி.வி.சி. சிதையாமலிருக்க நம் நாட்டில் நெடுங்காலம் காரீய உப்புகளைத்தான் சேர்த்துவந்தார்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் நடந்த வழக்கைத் தொடர்ந்து, அதைக் கட்டுப்படுத்தும் விதிகளை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2021-இல் கொண்டுவந்தது. ஆகவே அதற்கு முன் பதித்த குழாயைச் சந்தேகப் பட்டியலில் வைப்பதே சரி. தெருவிலிருந்து வரும் கறுப்பு ஹெச்.டி.பி.இ. குழாய்க்குக் காரீய உப்பு தேவைப்படுவதில்லை.

பலர் மறந்துவிடுவது பித்தளைக் குழாயை. கடைசல் எளிதாக வர வேண்டும் என்பதற்காகப் பித்தளையிலேயே காரீயம் சேர்ப்பது வழக்கம். விலை மலிவான, பெயரில்லாத குழாய்களில் எவ்வளவு சேர்த்தார்கள் என்று யாரும் சொல்லப்போவதில்லை.

தேங்கிய தண்ணீரைக் குடிக்காதீர்கள்

தண்ணீர் குழாயில் எவ்வளவு நேரம் நிற்கிறதோ அவ்வளவு காரீயம் கரையும். நம் ஊர்களில் நல்லதண்ணீர் தினமும் விடுவதில்லை. வாசல் குழாயில் நாள்கணக்கில் தண்ணீர் நிற்கும். தண்ணீர் திறந்துவிட்டதும் முதலில் வருவதைத் தொட்டிக்குள் விடாமல், சில நிமிடம் வாளியில் பிடித்துத் துணி துவைக்கவோ வாசல் தெளிக்கவோ எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் சமையலறைக் குழாயிலும் அப்படியே. குழாய் முனையில் வலை இருந்தால் மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவுங்கள். துகள்கள் அங்கேதான் தங்கும். கீசர் வெந்நீரைச் சமையலுக்கு எடுக்கவே கூடாது. சூடு காரீயத்தை அதிகம் கரைக்கும்.

காய்ச்சினால் கிருமி சாகும், காரீயம் போகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய அதன் செறிவு கூடத்தான் செய்யும். சாதாரண கேண்டில் ஃபில்டரை நம்ப வேண்டாம். ஆர்.ஓ. காரீயத்தை நீக்கும், மெம்பரேனை உரிய காலத்தில் மாற்றினால்.

சோதனை

இரண்டு பாட்டில் எடுங்கள். இரவு முழுக்கக் குழாயைத் திறக்காமல் வைத்து, விடியற்காலையில் வரும் முதல் தண்ணீர் ஒன்றில்; ஐந்து நிமிடம் ஓடவிட்ட பிறகு மற்றொன்றில். முதலாவதில் மட்டும் அளவு மிகுந்தால் குற்றவாளி சமையலறைக் குழாயும் அதை ஒட்டிய இணைப்பும். இரண்டிலும் மிகுந்தால் உள்குழாய் முழுவதையும், தொட்டியையும், தெருத் தண்ணீரையும் தனித்தனியே பார்க்க வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுக்கும்போது ‘காரீயம் பார்க்க வேண்டும்’ என்று தனியாகக் கேளுங்கள். வழக்கமான குடிநீர்ச் சோதனையில் அது பெரும்பாலும் இருக்காது. அங்கே வசதி இல்லையென்றால் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகத்துக்குப் போகலாம். பாட்டிலையும் அவர்களிடமே வாங்கிக்கொள்வது நல்லது.

மாற்றும்போது

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றப் பணம் போதாது என்றால் சமையலறைக் குழாயில் தொடங்குங்கள். குடிப்பதும் சமைப்பதும் அதில்தான். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ‘லெட் ஃப்ரீ’ என்ற அச்சும் உள்ள குழாயை பில்லோடு வாங்குங்கள். மரைக்கு டெஃப்ளான் டேப் மட்டும் போதும் என்று பிளம்பரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். வேலை முடிந்ததும் துருவும் துகளும் போகும்வரை நன்றாக ஓடவிட்ட பின்பே குடிக்கப் பிடியுங்கள்.

கைக்குழந்தையோ கர்ப்பிணியோ உள்ள வீட்டில் சோதனை முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். புட்டிப்பால் கலக்கவும் குடிக்கவும் இன்றிலிருந்தே ஆர்.ஓ. தண்ணீரைப் பயன்படுத்துங்கள், பழைய பித்தளைக் குழாயை இந்த மாதமே கழற்றிவிடுங்கள்.