மாநகராட்சி நடுவர்: பதவியும் தகுதியும்

நீதித்துறையின் சுதந்திரம் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் உச்ச நீதிமன்றத்தையும் உயர் நீதிமன்றங்களையும் சுற்றியே அமைகின்றன. நகரவாசி ஒருவர் நேரில் சந்திக்கும் நீதிபதியோ வேறொருவர். உரிமமின்றிக் கடை நடத்தியதற்கும், நடைபாதையை ஆக்கிரமித்ததற்கும், அனுமதி பெறாமல் மாடி எழுப்பியதற்கும் தொடரப்படும் வழக்குகளை விசாரிப்பவர் அவர். தில்லியில் அவருக்கு மாநகராட்சி நடுவர் என்று பெயர்.

1957-ஆம் ஆண்டின் தில்லி மாநகராட்சிச் சட்டம் இப்பதவியை ஏற்படுத்தியது. அச்சட்டத்தையும் அதன் துணை விதிகளையும் மீறும் குற்றங்களை விசாரிக்க, முதல் வகுப்பு நடுவர்களை அரசு நியமிக்கலாம். அவர்களது அதிகார எல்லை தில்லி முழுவதும் பரவியது. ஆணையரோ அவரிடம் அதிகாரம் பெற்றவரோ புகார் செய்தாலன்றிப் பொதுவாக விசாரணை தொடங்காது. குற்றம் நடந்த நாளிலிருந்து, அல்லது அது புகார்தாரரின் கவனத்துக்கு வந்த நாளிலிருந்து, ஆறு மாதங்களுக்குள் புகார் செய்யப்பட வேண்டும். கட்டிடங்களை இடிக்கும் ஆணையை எதிர்க்க விரும்புவோர் நடுவரிடம் வருவதில்லை. அதற்கெனத் தனி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் உண்டு.

இதே சட்டத்தின் நிதி ஏற்பாடுதான் மாணவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. நடுவருக்கும் அவரது அலுவலர்களுக்கும் ஆகும் ஊதியத்தையும் இதர செலவுகளையும் மாநகராட்சி தன் நிதியிலிருந்து அரசுக்குச் செலுத்த வேண்டும். அச்சட்டத்தின்படி விதிக்கப்படும் அபராதங்களும் அதே நிதியில்தான் சேர்கின்றன. ஆக, புகார் கொடுப்பது மாநகராட்சி. நீதிமன்றச் செலவை ஏற்பது மாநகராட்சி. தண்டத் தொகையால் பயன் பெறுவதும் மாநகராட்சி. எதிரில் நிற்பவர் ஒரு தள்ளுவண்டிக்காரராகவும் இருக்கலாம்.

இந்த நிலையில் நடுவரின் நடுநிலைமைக்கு என்ன பாதுகாப்பு? ஊதியத்தை நிர்ணயிப்பது அரசு. மாநகராட்சி அதை ஈடுசெய்கிறது, அவ்வளவே. அதைவிட முக்கியமானது, நடுவர் நீதித்துறைப் பணியைச் சேர்ந்தவர் என்பது. கீழ்நிலை நீதிமன்றங்களின் மீதான கட்டுப்பாட்டை அரசியலமைப்பின் 235-ஆவது பிரிவு உயர் நீதிமன்றத்திடம் ஒப்படைத்துள்ளது. மாநகராட்சி ஆணையரின் மனக்கசப்பு நடுவரின் பதவி உயர்வைத் தொட முடியாது.

முன்பு இவ்வாறு இல்லை. 1898-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் கீழ், சட்டம் பயிலாத உள்ளூர்ப் பிரமுகர்களும் கௌரவ மாஜிஸ்ட்ரேட்டுகளாக அமர்ந்து சிறு வழக்குகளை முடித்தனர். 1974 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் அந்த முறையைக் கைவிட்டு, நீதித்துறை நடுவர்களையும் நிர்வாகத்துறை நடுவர்களையும் வேறு வேறாகப் பிரித்தது. எனினும் அரசுப் பணியில் உள்ளவரையோ இருந்தவரையோ உயர் நீதிமன்றம் ஒரு நேரத்தில் ஓராண்டுக்கு மேற்படாமல் சிறப்பு நடுவராக்க அச்சட்டம் இடமளித்தது. தேங்கிய வழக்குகளைக் குறைக்க இது உதவலாம். ஆயினும், நிர்வாகத்தில் காலமெல்லாம் கழித்தவரை நிர்வாகமே புகார்தாரராக வரும் வழக்குகளில் அமர்த்துவது அவ்வளவு பொருத்தமன்று.

தகுதி பற்றிய வாதம் நீண்டது. மாவட்ட நீதிபதிக்குக் கீழ்ப்பட்ட பதவிகளுக்கு மாநில அரசுப் பணியாளர் தேர்வாணையத்தையும் உயர் நீதிமன்றத்தையும் கலந்து ஆளுநர் விதிகள் வகுத்து நியமனம் செய்ய 234-ஆவது பிரிவு வழி செய்கிறது. சட்டப் பட்டமும் போட்டித் தேர்வும் எங்கும் பொது. பட்டத்துக்குப் பின் வழக்கறிஞராக அனுபவம் வேண்டுமா என்பதே கேள்வி. மூன்றாண்டு அனுபவம் தேவை என்று 1993-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2002-இல் அந்த நிபந்தனையை நீக்கியது. 2025 மே 20-இல் மீண்டும் விதித்தது. புதியவர் நீதிமன்றத்தில் அமருமுன் ஓராண்டுப் பயிற்சி பெற வேண்டும் என்றும் அத்தீர்ப்பு கூறுகிறது.

இந்த நிபந்தனைக்கு ஒரு விலையும் உண்டு. தொழிலில் முதல் மூன்றாண்டுகளில் இளம் வழக்கறிஞரின் வருவாய் பெரும்பாலும் சொற்பமே. அதைத் தாங்கக்கூடிய குடும்பத்தில் பிறந்தவருக்கு இது காத்திருப்பு. பிறருக்கு இது தடை. இருந்தும், மாநகராட்சி நீதிமன்றத்தின் அன்றாட வேலையைப் பார்த்தால் அனுபவத்தின் பக்கமே நியாயம் கூடுதலாகத் தெரிகிறது. ஆய்வாளரின் அறிக்கை எவ்வாறு எழுதப்படுகிறது, ஒரே வாசகம் எத்தனை புகார்களில் திரும்பத் திரும்ப வருகிறது என்பதை எந்தப் பாடநூலும் கற்பிப்பதில்லை.

எடுத்துக்காட்டாக, காய்கறி விற்பவர் ஒருவருக்கு அழைப்பாணை வருகிறது. வழக்காடினால் பல நாள் வியாபாரம் கெடும். ஒப்புக்கொண்டால் அன்றே முடியும். அவர் ஒப்புக்கொள்கிறார். அப்படி ஒப்புக்கொண்டவர் நடுவரின் தண்டனைக்கு எதிராக மேல்முறையீடு செய்ய விரும்பினால், தண்டனையின் அளவையும் சட்டப்பொருத்தத்தையும் மட்டுமே கேள்வி கேட்கலாம். குற்றம் செய்தாரா என்பதை அல்ல. சுருக்க விசாரணையில் விதிக்கப்படும் மிகச் சிறிய அபராதங்களுக்கு மேல்முறையீடே கிடையாது. அதாவது, அவருக்கு முதல் நீதிமன்றமே கடைசி நீதிமன்றமும் ஆகிவிடுகிறது. ஆகவே, முன்னறிவிப்பு உண்மையில் தரப்பட்டதா, நிற்பவர் கடையின் உரிமையாளரா கூலியாளா, குற்றச்சாட்டு அவருக்குப் புரிந்த மொழியில் சொல்லப்பட்டதா என்பனவற்றை நடுவர் கேட்டாக வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின்படி, அபராதத்துக்கு மட்டுமே உரிய குற்றத்தில் 5,000 ரூபாய்க்கு மேற்படாத தொகையைக் கட்டத் தவறினாலும் இரண்டு மாதம் வரை வெறுங்காவல் விதிக்கலாம். சிறு வழக்கு என்ற சொல் யாருக்குச் சிறியது என்பது இங்கே தெரியும்.

மறுபக்கத்தில், விதியை மீறி அடுக்குமாடி எழுப்புபவருக்கு அபராதம் ஒரு செலவுக் கணக்கு. ஈட்டும் இலாபத்தைவிடத் தண்டம் குறைவாயின், அது தண்டமன்று, கட்டணம். குற்றம் தொடரும் ஒவ்வொரு நாளுக்கும் கூடுதல் அபராதம் விதிக்கும் ஏற்பாடு நகராட்சிச் சட்டங்களில் இதற்காகவே இடம்பெற்றது. இரு தரப்பினரையும் ஒரே அளவுகோலால் அளக்கும் நடுவர் ஏழையை நசுக்குகிறார். வசதி படைத்தவரைத் தப்பவிடுகிறார்.

2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் இவ்வகையில் ஒரு மாற்று வழியைத் திறந்தது. வியாபாரிகளின் குறைகளையும் தகராறுகளையும் தீர்க்கும் குழுவின் தலைவர், உரிமையியல் நீதிபதியாகவோ நீதித்துறை நடுவராகவோ இருந்தவராக இருக்க வேண்டும். உடன் இரு வல்லுநர்கள் அமர்வர். அரசிலோ உள்ளாட்சி அமைப்பிலோ பணியாற்றுபவரை இக்குழுவில் நியமிக்க முடியாது. விதி மீறும் வியாபாரிக்கு 2,000 ரூபாய்க்கு மேல் தண்டமும் விதிக்கக் கூடாது.