புளியங்கொட்டை காட்டிய கணக்கு

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் அரசுத் திட்டமாகத் தொடங்கியது 1989-ல், தருமபுரி மாவட்டத்தில். அதே மாவட்டத்தில்தான் என் முதல் மதிப்பீட்டையும் செய்தேன். ஒரு தொண்டு நிறுவனம் குழுப் பெண்களுக்குக் கறவை மாட்டுக் கடன் கொடுத்திருந்தது. தீர்மான நோட்டில் ஒரு கையெழுத்துகூட விடுபடவில்லை. தவணை நூற்றுக்கு நூறு வசூலாகியிருந்தது. 60 பேரிடம் கேள்வித்தாள் நிரப்பினேன். அத்தனை பேரும் நல்ல திட்டம் என்றார்கள்.

கடைசி நாள் மாலை பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது ஒரு பெரியம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "மாட்ட வித்து ஆறு மாசமாச்சு கண்ணு. வட்டிக்கு வாங்கித்தான் தவணை கட்டறேன்" என்றார்.

"அன்னிக்குக் கேட்டப்ப சொல்லலையேம்மா?"

"குழுவ நடத்தற ஊக்குநர் பக்கத்துல நிக்கறப்ப எப்படிச் சொல்றது?"

கேள்விகளைக் கவனமாகத் தயாரித்திருந்தேன். அவற்றை யார் முன்னால் கேட்கிறேன் என்று யோசிக்கவில்லை. யாரை, யார் முன்னால் கேட்பது என்று தெளிவாகும் முன் எப்படிக் கேட்பது என்று முடிவு செய்யக் கூடாது என்பதை அன்று கற்றேன். அதன்பின் கடைப்பிடித்து வருபவற்றை, இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இங்கே சொல்கிறேன்.

முதலில் முடிவைக் கேளுங்கள்

பயன்பாட்டை மையமாகக் கொண்ட மதிப்பீடு பற்றி மைக்கேல் குவின் பேட்டன் 1978-ல் நூல் எழுதினார். அறிக்கையை யார், எதற்காகப் பயன்படுத்தப்போகிறார்கள் என்பதிலிருந்து வேலையைத் தொடங்கச் சொன்னவர் அவர். முதல் கூட்டத்திலேயே நிர்வாகத்திடம் நான் கேட்பது இரண்டு கேள்விகள்: இதை வைத்து எதை முடிவு செய்யப்போகிறீர்கள்? அந்த முடிவை எந்த மாதம் எடுப்பீர்கள்? இதற்குப் பதில் கிடைக்கும்வரை முறையைப் பற்றிப் பேசுவதில்லை. அடுத்த ஆண்டுக்கான கடன் தொகையை முடிவு செய்தபிறகு வரும் அறிக்கையால் யாருக்கும் பயனில்லை.

வீட்டில் முடிவெடுப்பவர் யார்?

1980-ல் உலக வங்கி உதவியுடன் தமிழ்நாட்டில் ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. குழந்தைகளை மாதாமாதம் எடை பார்த்து, வளர்ச்சி குன்றியவர்களுக்குச் சத்துணவும் தாய்மார்களுக்கு ஆலோசனையும் கொடுத்தார்கள். அதே பாணியில் வங்கதேசத்திலும் 1995-ல் ஒரு திட்டம் வந்தது. அங்கே எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. உலக வங்கியின் மதிப்பீட்டுப் பிரிவு ஆராய்ந்து சொன்ன காரணங்களில் ஒன்று இது: ஆலோசனை தாய்மார்களுக்குப் போனது, ஆனால் சந்தைக்குப் போய் வாங்குவது ஆண்கள், பல வீடுகளில் சமையலறையில் முடிவெடுப்பது மாமியார்.

பயனாளிகள் பட்டியலைக் கையில் வாங்கியதும் எனக்கு இந்த மாமியார்தான் நினைவுக்கு வருவார். பட்டியலில் இல்லாதவர்களைத் தேடுகிறேன். குழுவைவிட்டு விலகியவர்களின் வீட்டுக்கு அவசியம் போகிறேன். களப்பணியாளர்களுடன் தனியாக ஒருநாள் உட்காருகிறேன். மதிப்பீடு என்றதும் வேலை போய்விடுமோ என்ற பயம் அவர்களுக்கு வரும். அந்தப் பயம் தீராமல் அவர்களிடமிருந்து உண்மை வராது.

இடமும் நேரமும்

காலை பதினோரு மணிக்குக் கூட்டம் வைத்தால் நூறு நாள் வேலைக்குப் போனவர்கள் வர முடியாது. கோயில் திண்ணையில் கூட்டினால் காலனிப் பெண்கள் தயங்கி நிற்பார்கள். எல்லோரும் உரிமையோடு வந்து உட்காரக்கூடிய இடத்தை அந்தப் பெண்களிடமே கேட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்விக்கு ஏற்ற முறை

எத்தனை பேர் என்று தெரிய வேண்டுமென்றால் கணக்கெடுப்பு. ஏன், எப்படி என்றால் உரையாடல். என்ன மாறியது என்று மக்களே சொல்ல வேண்டுமென்றால், ரிக் டேவிஸ் 1990-களில் வங்கதேசத்தில் வளர்த்தெடுத்த முறை கைகொடுக்கும்: மிக முக்கியமான மாற்றம் எது என்று ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்ல, குழுவாகக் கூடி விவாதித்து அவற்றிலிருந்து தேர்ந்தெடுப்பார்கள். மாற்றம் திட்டத்தால்தான் வந்ததா என்று அறிய ஒப்பீட்டுக் குழு வேண்டும். அதைத் திட்டம் தொடங்கும் முன்பே அமைக்க வேண்டும். பணம் செலவான பிறகு கேட்டால் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

முதல் மதிப்பீடு செய்த அந்தத் தருமபுரிக் கிராமத்துக்கு நான் திரும்பப் போனபோது கொண்டுபோனது கோலமாவும் புளியங்கொட்டையும்தான். ஊக்குநர் இல்லாத ஒரு மாலையில் தரையில் நான்கு வட்டம் போட்டோம்: பால் பணம், கூலி, அடகு, வட்டிக்கு வாங்கியது. ஆளுக்குப் பத்துக் கொட்டை. தவணைப் பணம் எங்கிருந்து வருகிறதோ அந்த வட்டத்தில் வைக்க வேண்டும். யாரும் வாய்திறந்து தன் கடனைச் சொல்ல வேண்டியதில்லை. கால் மணி நேரத்தில் நான்காவது வட்டம் குவிந்துவிட்டது. பால் வட்டத்தில் விழுந்த கொட்டைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு, கொட்டைகளை அள்ளிக் கோலத்தையும் அழித்துவிட்டுத்தான் கிளம்பினோம். நம்மை நம்பிக் காட்டிய கடன் அவர்களுக்கே வினையாகிவிடக் கூடாது.

முதலில் ஊருக்கு வாசியுங்கள்

அறிக்கையை நன்கொடையாளருக்கு அனுப்பும் முன் அந்தப் பெண்களுக்கு வாசித்துக் காட்டினேன். கணவர்கள் பணத்தைச் செலவழித்துவிட்டதே காரணம் என்று எழுதியிருந்தேன். அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. "சினை மாட்ட வாங்கிக் குடுத்துட்டு அடுத்த மாசமே தவணை கேட்டா, கன்னு போடறவரைக்கும் எதை வித்துக் கட்டறது?" என்று கேட்டார் பஸ் நிறுத்தத்தில் பேசிய அதே பெரியம்மா. அதுவும் கோடையில், பசுந்தீவனமே இல்லாத நேரத்தில் மாடு வந்திருந்தது.

என் வரியை அடித்துவிட்டு அவர் சொன்னதை எழுதினேன். அடுத்த சுற்றுக் கடனில், மாடு கன்று ஈன்ற பிறகே தவணை தொடங்கும் என்று நிறுவனம் விதியை மாற்றியது. அறிக்கையின் 40 பக்கங்களில் வேலை செய்தது அந்த ஒரு வரிதான். ஊருக்கு வாசித்துக் காட்டாமல் இன்றுவரை நான் எந்த அறிக்கையையும் அனுப்புவதில்லை.